சோயா வயிற்றை உப்பவைக்கிறதா? நொதிகளைக் கொண்டு எளிதில் செரிக்கவைக்கும் முழுமையான வழிகாட்டி

சோயா சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்றுதான். அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் குமட்டலும் வயிறு கனப்பதும் வந்தால் ஒரு கதை. 4 முதல் 8 மணி நேரம் கழித்து வயிறு பொருமி வாயு பிரிந்தால் அது வேறு கதை. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்த செரிமான நொதியை (என்சைமை) வாங்கிப் போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். சோயாவையே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் கொஞ்சம் வேலை செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சோயா நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் சோயாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இதைத்தான் நம்பி நிற்கிறது.

தொந்தரவு தருபவை எவை

உலர்ந்த சோயாவில் சுமார் 36 முதல் 40 சதவீதம் புரதம், 20 சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து அல்லாத சர்க்கரைகளும் நார்ச்சத்தும். அந்தச் சர்க்கரைகளில் ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்று இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்தால் 100 கிராம் சோயாவில் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும், அதிலும் ஸ்டாக்கியோஸ்தான் அதிகம். இவற்றில் கேலக்டோஸ் என்ற சிறு சர்க்கரை ஒரு குறிப்பிட்ட வகைப் பிணைப்பில் கோக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதியின் பெயர் ஆல்பா கேலக்டோசிடேஸ். நம் சிறுகுடலில் அந்த நொதி கிடையாது. வயதானவருக்கு, பலவீனமானவருக்கு மட்டும் என்றில்லை, யாருக்குமே கிடையாது. அதனால் இந்தச் சர்க்கரைகள் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே உள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் என்று வாயுவை உண்டாக்குகின்றன. மணிக்கணக்கில் தாமதமாக வரும் பொருமலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது டிரிப்சின் தடுப்பான்கள். நம் கணையம் சுரக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகிய நொதிகள்தாம் புரதத்தை வெட்டுகின்றன. பச்சைச் சோயாவில் அவற்றையே கட்டிப்போடும் புரதங்கள் இருக்கின்றன. குனிட்ஸ் வகை, பௌமன்-பிர்க் வகை என்று இரண்டு. குனிட்ஸ் வகை வெப்பத்தில் சீக்கிரம் அழியும், பௌமன்-பிர்க் வகை உருவில் சிறியது, 7 கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டது, அதனால் பிடிவாதமாக நிற்கும். 1917-இலேயே ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் எலிகளுக்குப் பச்சைச் சோயாவைக் கொடுத்தால் சரியாக வளர்வதில்லை, வேகவைத்துக் கொடுத்தால் வளர்கின்றன என்று காட்டிவிட்டார்கள். லெக்டின் என்ற இன்னொரு புரதமும் உண்டு, அதுவும் வெப்பத்தில் அழிவதே. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வரும் குமட்டலும் கனமும் சரியாக வேகாத சோயாவிலிருந்து வரலாம்.

மூன்றாவது பைட்டிக் அமிலம். இது வாயுவை உண்டாக்காது, வயிற்றையும் வலிக்கவைக்காது. ஆனால் துத்தநாகம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். சோயாவை அன்றாடம் முக்கிய உணவாகச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், எப்போதாவது சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கடைசியாகப் புரதமே. பீட்டா-கான்கிளைசினின், கிளைசினின் என்ற இரண்டு சேமிப்புப் புரதங்கள் சோயாவில் இருக்கின்றன, பச்சையாக இருக்கும்போது இவை நூல்கண்டு போலச் சுருண்டு இறுகியிருக்கும். நொதி உள்ளே நுழைந்து வெட்ட இடம் கிடைக்காது. வெப்பம் பட்டால் அவிழும்.

இதிலிருந்தே வேலையின் வரிசை புரிந்துவிடுகிறது. முதலில் வெப்பம், அது ஆறியதும் நொதி, நொதி வேலையை முடித்ததும் மறுபடி வெப்பம். நொதியும் ஒரு புரதம்தான், கொதிக்கிற பாலில் போட்டால் அது செத்துவிடும். இந்த வரிசையை மாற்றினால் காசும் நேரமும் வீண்.

நொதி வாங்கும் முன்னே செய்ய வேண்டியவை

பாதி வேலை தண்ணீரிலேயே முடிந்துவிடும். ஸ்டாக்கியோஸும் ராஃபினோஸும் நீரில் கரையக்கூடியவை. சோயாவை 10 முதல் 12 மணி நேரம் அதன் அளவுக்கு 4 மடங்கு தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெயில் காலமானால் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அல்லது நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புளித்து நாறும். ஊறியதும் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள், உட்புறம் நடுவில் குழிவு இல்லாமல் தட்டையாக இருந்தால் ஊறியது போதும்.

பிறகு கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடா சேர்த்தால் தோல் இளகும், டிரிப்சின் தடுப்பான்களும் சீக்கிரம் அடங்கும். இதில் ஒரு இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: கொட்டுகிற தண்ணீரோடு கொஞ்சம் பி வைட்டமின்களும் போகும், முன்கூட்டியே வெந்துவிட்டதால் அரைக்கும்போது பாலில் இறங்கும் புரதமும் சற்றுக் குறையும். வயிறு நிம்மதியாக இருக்கும் என்றால் அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டையைச் சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வது. எண்ணெய் போய்விட்டது, சர்க்கரைகள் போகவில்லை, எடைக்கு எடை பார்த்தால் சோயாவில் இருந்ததைவிடக் கூடத்தான் இருக்கும். நிறைய வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒருமுறை அதேபோல் செய்யுங்கள். குழம்பில் நேரடியாகப் போட்டு ஊறவிட்டால் சர்க்கரை அத்தனையும் குழம்பிலேயே தங்கிவிடும், அப்புறம் எந்த மாத்திரையும் முழுதாகக் காப்பாற்றாது.

சோயாப்பால்: நொதி மிக அழகாக வேலை செய்யும் இடம்

நொதி முறையைப் பழக விரும்புகிறவர்கள் சோயாப்பாலில்தான் தொடங்க வேண்டும். திரவம் என்பதால் நொதி எல்லா இடத்துக்கும் போய்ச்சேரும். முழு விதைக்குள் அது நுழைவது கடினம்.

தேவையானவை: உலர்ந்த சோயா 125 கிராம், தண்ணீர் 1 லிட்டர், ஒரு சமையல் தெர்மாமீட்டர், நல்ல தெர்மாஸ் குடுவை, ஆல்பா கேலக்டோசிடேஸ். இந்த நொதி பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுகிறது, பருப்பு வகைகளால் வரும் வாயுவுக்கான மாத்திரையாக மருந்துக் கடைகளில் கிடைக்கும். வலிமையை கேல்-யூ என்ற அலகில் குறிப்பிட்டிருப்பார்கள், ஒரு மாத்திரையில் 150, 300, 600 என்று இருக்கும். வாங்கும்போது சேர்மானப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். "பலநொதிக் கலவை" என்று புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுவது), லிப்பேஸ் (கொழுப்பை வெட்டுவது) எல்லாம் சேர்ந்ததை வாங்கக்கூடாது. காரணம் இருக்கிறது: பப்பெய்ன், புரோமிலெய்ன் போன்ற புரதம் வெட்டும் நொதிகள் சோயாப்பாலைத் திரித்துவிடும். நான் முதன்முறை இப்படி ஒரு கலவையைப் போட்டுவிட்டு, மூடியைத் திறந்தபோது பாலுக்குப் பதில் தண்ணீரும் கட்டியுமாக இருந்ததைப் பார்த்து பால் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை, திரிந்திருந்தது.

இனி படிப்படியாக.

முன்சொன்னபடி ஊறவைத்து, 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்த சோயாவை, கொதிக்கிற தண்ணீர் விட்டே அரைக்க வேண்டும். பச்சைத்தண்ணீரில் அரைத்தால் லிப்பாக்சிஜினேஸ் என்ற சோயாவின் சொந்த நொதி கொழுப்போடு சேர்ந்து அந்தப் பச்சை வாசனையை உண்டாக்கிவிடும். 80 டிகிரிக்கு மேல் அது அழிந்துவிடும். மிக்சி ஜாடி சூடு தாங்குமா என்று முதலில் பாருங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை ஒரு துணி போட்டு அழுத்திப் பிடியுங்கள், ஆவி தள்ளும்.

துணியில் வடிகட்டி நன்றாகப் பிழியுங்கள். சக்கையில் கரையாத நார்ச்சத்து இருக்கிறது. அதையும் செல்லுலேஸ், பெக்டினேஸ் என்ற நொதிகளைக் கொண்டு உடைத்துத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் அந்த முயற்சி வேண்டாம் என்பேன், பலன் குறைவு.

பாலை அடுப்பில் வைத்து அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். 80 டிகிரியை நெருங்கும்போது நுரைத்துக்கொண்டு மேலே வரும். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது கொதி அல்ல, சோயாவிலுள்ள சப்போனின் என்ற பொருளால் வரும் நுரை. அதைப் பார்த்து அடுப்பை அணைத்தால் டிரிப்சின் தடுப்பான் பெரும்பகுதி உயிரோடு இருக்கும், அந்தப் பாலைக் குடித்தால் குமட்டும். தீயைக் குறைத்து நுரையைக் கலைத்துவிட்டு, உண்மையாகக் கொதி வந்ததும் அதிலிருந்து 20 நிமிடம் மட்டான தீயில் கொதிக்கவிடுங்கள். இந்த 20 நிமிடத்தில் நான் ஒருபோதும் கை வைப்பதில்லை.

இப்போது ஆறவிட வேண்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கிக் கிளறினால் சீக்கிரம் ஆறும். 57 டிகிரிக்கு வந்ததும் 600 முதல் 1000 கேல்-யூ நொதியை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். மாத்திரையானால் பொடித்துக்கொள்ளுங்கள், கேப்சூலானால் பிரித்துக் கொட்டுங்கள். இந்த அளவு நான் பழக்கத்தில் வைத்திருப்பது, உங்கள் நொதியின் வலிமைக்கும் வயிற்றுக்கும் ஏற்பக் கூட்டலாம் குறைக்கலாம்.

தெர்மாஸ் குடுவையை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்திருங்கள். பாலை அதில் ஊற்றி மூடி 3 மணி நேரம் விட்டுவிடுங்கள். நடுவில் ஒருமுறை வெப்பத்தைப் பாருங்கள், 52 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. இது இரண்டு காரணங்களுக்காக. நொதி 50 முதல் 60 டிகிரிக்குள்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமான காரணம் கிருமி. கொதித்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் பாலில் இருக்கும், 30, 40 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்துப் பெருகும். குடுவையில் சூடு போதவில்லை என்றால் அந்தப் பாலை வெதுவெதுப்பான நிலையில் காத்திருக்கவிடாமல் உடனே கொதிக்கவைத்து, மறுபடி ஆறவிட்டு, புதிதாக நொதி போட்டு ஆரம்பியுங்கள்.

3 மணி நேரம் ஆனதும் பாலை 90 டிகிரிக்குச் சூடாக்கி 10 நிமிடம் வைத்திருந்து, வேகமாக ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

புளிப்பைப் பற்றி ஒரு கேள்வி வரும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் ஆல்பா கேலக்டோசிடேஸுக்குப் பிடித்தது பிஎச் 4.5 முதல் 5.5 வரை, அதாவது நல்ல புளிப்பு. சோயாப்பாலின் பிஎச் சுமார் 6.5. அப்படியானால் எலுமிச்சைச்சாறு விட்டுப் புளிப்பாக்கலாமே என்று தோன்றும். கூடாது. பிஎச் 6-க்குக் கீழே போகப் போக சோயாப் புரதம் திரியத் தொடங்கும், 4.5-இல் அத்தனையும் கட்டியாகிவிடும். அதனால்தான் புளிப்பைக் கூட்டாமல் நொதியின் அளவையும் நேரத்தையும் கூட்டுகிறோம். வேலை மெதுவாக நடந்தாலும் நடந்து முடியும்.

நொதி வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாக்கைத்தான் நம்ப வேண்டும். அதே பாலில் ஒரு டம்ளரை நொதி போடாமல் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கடைசியில் இரண்டையும் ஒரே சூட்டில் சுவைத்துப் பாருங்கள். ஸ்டாக்கியோஸ் உடைந்தால் கேலக்டோஸும் சாதாரணச் சர்க்கரையும் வெளிவரும், அதனால் நொதி போட்ட பால் லேசாக இனிக்கும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டையைப் பாலில் நனைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பட்டை குளுக்கோஸுக்கானது, கேலக்டோஸை அளக்க ஏற்றதல்ல, அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

முழுச் சோயாவும் டோஃபுவும்

வேகவைத்த முழு விதையில் மேலே நொதியைத் தூவுவதால் பயன் இல்லை. இங்கே வயிற்றையே பாத்திரமாகப் பயன்படுத்துவதுதான் வழி. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, பிரஷர் குக்கரில் 15 முதல் 20 நிமிடம் நன்றாக, விரலால் நசுக்கினால் மசியும்படி வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துவிட்டு, சாப்பாட்டின் முதல் வாயோடு ஆல்பா கேலக்டோசிடேஸ் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் புளிப்பில் அது நன்றாகவே வேலை செய்யும். சாப்பிட்டு முடித்து ஒருமணி கழித்து எடுத்தால் உணவு தாண்டிப் போயிருக்கும்.

சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவில் கெட்டியானதற்கும் மிருதுவானதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கெட்டி டோஃபு செய்யும்போது தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகிறார்கள், கரைந்திருக்கும் சர்க்கரைகள் அதோடு போய்விடுகின்றன. மிருது டோஃபுவில் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, சர்க்கரையும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம், எரிச்சல்குடல் உள்ளவர்களுக்காகத் தயாரித்த உணவுப் பட்டியலில் கெட்டி டோஃபுவை ஏற்றதாகவும் மிருது டோஃபுவை வழக்கமான அளவில் தவிர்க்க வேண்டியதாகவும் சொல்வது இதனால்தான். நொதியெல்லாம் வேண்டாம், ஒரேயொரு மாற்றம் மட்டும் செய்கிறேன் என்பவர்கள் கெட்டி டோஃபுவுக்கு மாறினால் போதும்.

விதைக்குள்ளேயே இருக்கும் நொதி: முளைகட்டுதல்

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. முளைக்கத் தொடங்கும் விதை, தான் சேர்த்துவைத்த ஸ்டாக்கியோஸையும் ராஃபினோஸையும் தானே ஆல்பா கேலக்டோசிடேஸை உண்டாக்கி உடைத்துச் சாப்பிடுகிறது. பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் என்ற நொதியும் கூடுவதால் அந்த அமிலமும் குறைகிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் நொதியை விதை இலவசமாகச் செய்து தருகிறது.

8 மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஈரத்துணியிலோ துளையிட்ட பாத்திரத்திலோ பரப்பி வெளிச்சம் படாமல் வையுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி வடியுங்கள். சோயா மற்ற பயறுகளைவிடச் சீக்கிரம் அழுகும், அலசுவதில் சோம்பக்கூடாது. 2 முதல் 3 நாளில் முளை 2 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், அது போதும். பிளந்தவை, வழுவழுப்பானவை, முளைக்காதவை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். முளைகட்டியதைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. டிரிப்சின் தடுப்பான் முளையில் முழுதாகப் போவதில்லை, முளைகட்டும் ஈரச்சூட்டில் சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் பெருகும். நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். முளைகட்டிய சோயாவை அரைத்துப் பாலெடுத்தால் நொதி மாத்திரையின் தேவை குறைந்துவிடும்.

புரதத்தை வெட்டும் நொதிகள்: எப்போது தேவை, எப்போது தேவையில்லை

சந்தையில் "நொதியால் பதப்படுத்திய சோயாப் புரதம்" என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. தொழிற்சாலைகளில் பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த புரோட்டியேஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையிலிருந்து எடுத்த புரோட்டியேஸ், பப்பாளியின் பப்பெய்ன் ஆகியவற்றைக் கொண்டு புரதத்தைப் பெப்டைடுகள் என்ற சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். நன்கு வேகவைத்த சோயாப் புரதத்தை ஆரோக்கியமான குடல் ஏற்கெனவே நன்றாகவே செரித்துவிடும், ஆகவே வாயுத் தொல்லைக்காக இதை வாங்குவது தவறான பூட்டுக்குச் சாவி தேடுவது. வயதானவர்கள், கணையம் போதிய நொதி சுரக்காதவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்கு இது உதவலாம், அவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முறை இது. எண்ணெய் எடுத்த சோயா மாவு 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 90 டிகிரிக்கு மேல் 20 நிமிடம் கிளறியபடி சூடாக்குங்கள். சுருண்டிருக்கும் புரதம் அவிழ்வது இங்கேதான். 55 டிகிரிக்கு ஆறியதும் உணவுத் தரப் பப்பெய்ன் கால் முதல் அரை கிராம் போட்டுக் கலக்கி, அதே சூட்டில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு உடனே 90 டிகிரிக்கு ஏற்றி 15 நிமிடம். கலவை முதலில் கெட்டியாகித் திரிந்தது போல் தோன்றலாம், இங்கே அது குறையல்ல.

30 நிமிடத்துக்கு மேல் போனால் கசக்கும். புரதத்துக்குள் மறைந்திருந்த, தண்ணீரை ஒட்டாத அமினோ அமிலங்கள் பெப்டைடுகளின் ஓரத்தில் வெளியே வந்து நாக்கில் படுவதால் வரும் கசப்பு அது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே நொதிகள் பெப்டைடின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்து இந்தக் கசப்பைக் குறைக்கும், அதனால் தொழிற்சாலைகளில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் நேரத்தைக் குறைப்பதே எளிய வழி.

பழத்தைக் கொண்டு செய்யலாமா என்று கேட்டால், பழுத்த பப்பாளியில் பப்பெய்ன் மிகக் குறைவு, பச்சைக் காயின் பாலில்தான் இருக்கிறது, அந்தப் பால் தோலை அரிக்கும். அன்னாசிச் சாறு புதிதாகப் பிழிந்ததாக இருந்தால் புரோமிலெய்ன் இருக்கும், டப்பாவில் அடைத்ததில் சூடுபடுத்தியதால் இருக்காது. இரண்டிலும் எவ்வளவு நொதி இருக்கிறது என்று அளக்க முடியாது, ஆகவே பொடியே மேல். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். புரோட்டியேஸ் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. மின்விசிறியை அணைத்துவிட்டு, பொடியை மேலிருந்து கொட்டாமல் மெதுவாக நீரில் இறக்குங்கள்.

பூஞ்சையையே வேலைக்கு அமர்த்துவது

நொதியைத் தனியே வாங்காமல், அதைச் சுரக்கும் உயிரையே சோயாவில் வளர்ப்பதுதான் பழைய வழி. அதன் வலிமையைப் புரிந்துகொண்டு நொதியை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே. கோஜி எனப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையிலிருந்து நொதி எடுக்கும் முறைக்கு அவர் 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று நாம் விழுங்கும் செரிமான மாத்திரைகளுக்கு அவர்தான் முன்னோடி.

வீட்டில் செய்ய ஏற்றது இந்தோனேசியாவின் தெம்பே. தோல் நீக்கிய சோயா அரைக் கிலோவை ஊறவைத்து, 2 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து அரைமணிக்கும் மேலாக மென்மையாகும்வரை வேகவைத்து வடித்து, மேலே ஈரமே தெரியாத அளவுக்கு உலர்த்துங்கள். தெம்பே கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான், துணியால் ஒற்றி எடுத்தாலும் தவறில்லை. 35 டிகிரிக்குக் கீழே ஆறியதும் ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் பூஞ்சைத்தூள் 1 தேக்கரண்டி கலந்து, ஊசியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்ட பைகளில் 2 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, 30 முதல் 32 டிகிரியில் 24 முதல் 36 மணி நேரம் வையுங்கள். பாதிக்கு மேல் பூஞ்சை தானே சூட்டைக் கிளப்பும், தொட்டுப் பார்த்து அப்போது கொஞ்சம் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்து, கட்டியாக நிற்க வேண்டும். துளைகளை ஒட்டிச் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்தால் பயமில்லை. வழுவழுப்பு, இளஞ்சிவப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். பூஞ்சையின் புரோட்டியேஸ் புரதத்தை வெட்டிவைக்கிறது, பைட்டேஸ் பைட்டிக் அமிலத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. வாயு குறைவதில் பெரும்பங்கு ஊறவைத்து வேகவைத்து வடித்த தண்ணீருடையது, ஆகவே தெம்பே செய்யும்போதும் அதை விடாதீர்கள்.

ஜப்பானின் நாட்டோ, பாசில்லஸ் சப்டிலிஸ் நாட்டோ என்ற பாக்டீரியாவைக் கொண்டு 40 டிகிரியில் ஒருநாள் வைத்துச் செய்வது. புரதம் நன்றாக உடைந்திருக்கும், வாசனையும் இழைவும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. வைட்டமின் கே2 மிக அதிகம் என்பதால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது.

சாப்பிட்டுப் பார்ப்பது எப்படி, யார் தவிர்க்க வேண்டும்

முதல் நாளே ஒரு பெரிய டம்ளர் சோயாப்பால் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 100 மில்லியில் தொடங்கி, வேறு பயறு எதுவும் சேர்க்காத நாளில் குடித்து, 8 மணி நேரம்வரை என்ன நடக்கிறது என்று குறித்துவையுங்கள். 3 நாள் ஒரே அளவு, பிரச்சினை இல்லையென்றால் 150, பிறகு 200. நடுவில் பொருமல் வந்தால் நொதியைக் கூட்டும் முன் ஊறவைத்த தண்ணீரையும் கொதிநீரையும் ஒழுங்காகக் கொட்டினோமா என்று பாருங்கள், என் கணக்கில் அங்கேதான் பெரும்பாலும் தவறு இருக்கும்.

உதடு வீங்குவது, தோல் தடிப்பது, மூச்சு இறுக்குவது ஒவ்வாமை, அது செரிமானப் பிரச்சினை அல்ல. நொதி போட்டால் ஒவ்வாமை போய்விடும் என்று நம்பி யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், வெட்டிய புரதத்திலும் ஒவ்வாமையைக் கிளப்பும் துண்டுகள் மிச்சமிருக்கும். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆல்பா கேலக்டோசிடேஸ் மாத்திரையையும் அதைப் போட்ட பாலையும் அறவே தவிர்க்க வேண்டும், அது வெளிவிடுவதே கேலக்டோஸ்தான். பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்களும், சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் சோயாவுக்கும் நடுவில் சில மணி நேர இடைவெளி விடுங்கள், சோயா அந்த மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். கைக்குழந்தைக்கு வீட்டில் செய்த சோயாப்பாலைத் தாய்ப்பாலுக்கோ குழந்தை உணவுக்கோ மாற்றாகக் கொடுக்கவே கூடாது, எந்த நொதி போட்டிருந்தாலும் சரி.